நெஞ்சில் ஒரு ஸ்டென்ட், செவ்வாய்ப்பேட்டையில் ஒரு காபிப் பொடிக் கடை: பத்து மாத வாடிக்கையாளன் எழுதுவது

கடையின் பெயரை எழுதப் போவதில்லை, கேட்காதீர்கள். "பேர் போட்டு எழுதிடாதீங்கண்ணா, சனிக்கிழமைக் கூட்டத்தையே சமாளிக்க முடியல" என்று கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய மளிகை மண்டிகள் இருக்கிற பக்கம் வியாழக்கிழமை காலை பத்து மணி வாக்கில் நடந்து போனால் மூக்கே கொண்டுபோய் விட்டுவிடும். அன்றுதான் வறுக்கிறார்கள். வழி அவ்வளவுதான்.

நான் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறவன். வயது 57. 2024 தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஆர்டர் முடிக்கிற அவசரத்தில் ராத்திரி பதினொரு மணிக்கு நெஞ்சின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்த மாதிரி இருந்து, வாயுத் தொல்லை என்று சோடா குடித்து, அரை மணி நேரத்தை வீணாக்கி, அப்புறம்தான் மாரடைப்பு என்று தெரிந்து, விடிவதற்குள் அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

பட்டறையில் காபியை வைத்துத்தான் நேரமே தெரியும். பையன் தூக்குப்போசியில் கொண்டு வருவான். வந்ததும் ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, ஆர்டர் இருந்தால் ஏழு மணிக்கு இன்னொன்று. வீட்டில் காலையில் எழுந்ததும் குடிப்பதைச் சேர்த்தால் ஆறு. முப்பது வருடத்துக்கு மேல் இப்படித்தான் ஓடியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் காபியைப் பற்றி ஊரே டாக்டராகிவிட்டது. மச்சினன் "இனிமே காபிங்கற பேச்சே எடுக்கக் கூடாது மாமா" என்றான். எதிர் வீட்டுக்காரர் பால் சேர்க்காத கருங்காபி குடித்தால் ரத்தக்குழாய் அடைப்பு கரைந்து ஓடும் என்று வாட்ஸாப்பில் வந்ததைக் காட்டினார். இரண்டு பேச்சையும் கேட்டுப் பயந்து நானே அடியோடு நிறுத்திவிட்டேன். முதல் நான்கு நாள் தலைவலி என்றால் அப்படி ஒரு தலைவலி, இரண்டாவது அட்டாக்தான் தலைக்கு ஏறிவிட்டதோ என்று நினைத்தேன். காபியைத் திடீரென்று விட்டால் ஒரு நாளைக்குள் ஆரம்பித்துச் சில நாள் வரை இப்படி வலிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. மெதுவாகக் குறைத்திருக்கலாம்.

மூன்று மாதம் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடம் கேட்டேன். அவர் காபியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் "எத்தனை ஸ்பூன் சர்க்கரை?" என்றார். டம்ளருக்கு இரண்டு என்றேன். "எத்தனை டம்ளர்?" ஆறு. அவர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கணக்கு எழுதுகிறவனுக்கு அந்தப் பெருக்கல் அன்றைக்குத்தான் உறைத்தது. பன்னிரண்டு ஸ்பூன். ஸ்பூனுக்கு நாலு கிராம் என்று குறைத்துப் போட்டாலும் கிட்டத்தட்ட 50 கிராம். நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதுவும் காபி, பிஸ்கட், ஸ்வீட் எல்லாம் சேர்த்து. எனக்கு வெறும் காபியிலேயே அதுபோல இரண்டு மடங்கு போய்க்கொண்டிருந்திருக்கிறது. "ரெண்டு டம்ளர் குடிங்க, சாயந்தரத்துக்கு மேல வேண்டாம். சர்க்கரையை மட்டும் என்கிட்ட பொய் சொல்லாம குறைங்க" என்றார்.

சரி, ரெண்டே டம்ளர்தான் என்று ஆனபின் அது நல்ல காபியாக இருக்க வேண்டாமா? ஆறு டம்ளர் குடிக்கிறவன் என்ன பொடி என்று பார்ப்பதில்லை. ரெண்டு டம்ளர் குடிக்கிறவன் பார்ப்பான்.

முதலில் ஏமாந்த கதையைச் சொல்கிறேன். அந்த ஜனவரியில் மகன் காரில் ஏற்காடு கூட்டிப் போனான், உடம்பு தேறியபின் முதல் வெளியூர்ப் பயணம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றிலும் மனைவி என் முகத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மேலே பழம் பறிக்கிற காலம். சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக்கொடி, அதற்குக் கீழே நிழலில் காபிச் செடி, களத்தில் காய்கிற கொட்டை, எல்லாம் பார்த்ததும் மனசு இளகிவிட்டது. சாலையோரக் கடை ஒன்றில் 'சுத்தமான எஸ்டேட் காபி' என்று எழுதித் தொங்கிய பாக்கெட்டில் அரைக் கிலோ வாங்கினேன். விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து டிகாக்ஷன் இறக்கினால் தார் மாதிரி கறுப்பு. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கசப்பு, காபி வாசனை மட்டும் இல்லை. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகைப் பொடியைத் தூவிப் பார்த்தேன். காபித் தூள் என்றால் கொஞ்ச நேரம் மேலேயே மிதக்கும். சிக்கரி சரசரவென்று கீழே இறங்கும், இறங்கும்போது பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டே போகும். என் டம்ளரில் தேர்த்திருவிழா மாதிரி கோடுகள். சிக்கரி ஒன்றும் விஷமில்லை, அது ஒரு செடியின் வேர், வறுத்து அரைக்கிறார்கள், காபியில் உசுப்பேற்றுகிற கஃபீன் அதில் கிடையவே கிடையாது. கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு சிக்கரி என்று பாக்கெட்டில் போட வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. சொல்லிவிட்டு விற்றால் எனக்கென்ன ஆட்சேபம்? அராபிகா என்கிற நல்ல காபி ரகத்தின் விலையை வாங்கிக்கொண்டு வேரைக் கொடுத்தால்தான் வயிறு எரியும்.

பட்டறையில் புலம்பினேன். மெருகு போடுகிற பெரியவர்தான் இந்தச் செவ்வாய்ப்பேட்டைக் கடையைச் சொன்னார். பிப்ரவரி முதல் வாரம் போனேன்.

சின்னக் கடை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டும். வாயைச் சுருட்டிவிட்ட கோணிகளில் கொட்டை, ஒவ்வொன்றிலும் ரகத்தின் பெயர் எழுதிய அட்டை: பிளான்டேஷன் ஏ, பீபரி, ரோபஸ்டா. மூலையில் வறுக்கிற உருளை, நடுவில் அரைக்கிற மெஷின், அதன் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. எத்தனை கிலோ, எவ்வளவு சிக்கரி என்று எடுத்ததும் கேட்பார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது: "எதுலண்ணா போடுவீங்க? பித்தளை ஃபில்டரா, எவர்சில்வரா, இல்ல பேப்பரா?"

முப்பது வருடம் காபி குடித்தவனை யாரும் இதைக் கேட்டதில்லை. ஏன் கேட்கிறீர்கள் என்றேன். ஓட்டை ஃபில்டருக்குப் பொடி கொஞ்சம் நைசாக இருக்கலாம், பேப்பருக்கு அதே நைசில் அரைத்தால் தாள் அடைத்துக்கொண்டு சொட்டே விழாது, அதற்குக் கொஞ்சம் பரபரவென்று அரைக்க வேண்டும் என்றார். நான் ஸ்டென்ட் விஷயத்தைச் சொன்னதும், "அப்ப பேப்பர்தாண்ணா. டாக்டரைக் கேட்டுப் பாருங்க" என்றார். இதற்காகவே இந்தக் கடைக்கு ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம். (இதே மனிதர் இன்னொரு நாள் சொன்ன வைத்தியத்துக்காக அந்த நட்சத்திரத்தைப் பிடுங்கியும்விட்டேன், பின்னால் வருகிறது.)

பேப்பர் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதயக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான இடமே இதுதான். காபிக் கொட்டையில் எண்ணெய் இருக்கிறது, அதில் கஃபெஸ்டால், காவியோல் என்று இரண்டு சரக்கு. இந்த இரண்டும், முக்கியமாகக் கஃபெஸ்டால், கெட்ட கொழுப்பு என்கிறோமே எல்.டி.எல்., அதை ஏற்றக்கூடியவை. பொடியைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தால் எண்ணெய் முழுக்க டம்ளருக்கு வந்துவிடும். தாளில் வடித்தால் பெரும்பகுதியைத் தாள் பிடித்துக்கொள்ளும். நார்வேக்காரர்கள் அந்தக் காலத்தில் காபியைக் கொதிக்க வைத்தே குடித்தவர்கள், காபிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள தொடர்பை 1980களில் முதலில் பெரிதாகக் கவனித்ததும் அங்கேதான். அந்த நாட்டிலேயே 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைச் சராசரியாக 20 வருடம் தொடர்ந்து கவனித்து 2020இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வடிகட்டிய காபி குடித்தவர்கள் காபியே குடிக்காதவர்களைவிடக் குறைவாக இறந்திருந்தார்கள். வடிகட்டாமல் குடித்த ஆண்களில், 60 வயதுக்கு மேல், அந்த லாபத்தைக் காணோம்.

நம் பித்தளை ஃபில்டர் இதில் எந்தக் கட்சி? பெயர்தான் ஃபில்டர், அடியில் இருப்பது ஓட்டை. தாள் எண்ணெயைப் பிடிப்பது போல ஓட்டை பிடிக்காது. கொதிக்க வைத்த காபி அளவுக்கு மோசம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரண்டு டம்ளர்தான் குடிக்கப் போகிறோம், எல்.டி.எல்.லை இறக்க மாத்திரை வேறு தினமும் விழுங்குகிறோம், ஒரு கையால் இறக்கிவிட்டு இன்னொரு கையால் ஏற்றுவானேன்? இன்னொரு வேடிக்கையும் உண்டு. அராபிகாவில் கஃபீன் ரோபஸ்டாவில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான், படபடப்புக்குப் பயப்படுகிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் இந்த எண்ணெய்ச் சரக்கு அராபிகாவில்தான் அதிகம். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையில் விளைவது பெரும்பாலும் அராபிகா. ஆகவே நம் மலைக் கொட்டைக்குத் தாள் பொருத்தம்.

தாளும் அதை வைக்கிற புனல் மாதிரிக் கிண்ணமும் கடையில் இல்லை, ஆன்லைனில் வாங்கினேன். நூறு தாள் 300 ரூபாய் சுமார். முதல் வாரம் பரிதாபம். வெந்நீரை ஒரே மூச்சில் கொட்டினேன், ஓரமாக ஓடி வெளிறிய தண்ணீர் இறங்கியது. "இது காபியா, காபிப் பாத்திரம் கழுவின தண்ணியா?" என்றாள் மனைவி. அப்புறம் பிடிபட்டது. முதலில் தாளை மட்டும் வெந்நீரில் நனைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் காகித வாசம் வரும். பொடியைப் போட்டு அது நனைகிற அளவுக்கு மட்டும் வெந்நீர் ஊற்றி அரை நிமிடம் விட வேண்டும். புதிதாக வறுத்த பொடி என்றால் அப்போது இட்லி மாவு மாதிரி பொங்கி எழும். பழைய பொடி சும்மா கிடக்கும். கடைக்காரர் வியாழன் வறுத்ததைத்தான் கொடுத்தாரா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை, பத்து மாதத்தில் ஒரே ஒரு முறைதான் பொங்கவில்லை. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ராத்திரியே டிகாக்ஷன் போட்டு வைக்கிற வேலையும் இல்லை.

ருசி? கள்ளிச்சொட்டு டிகாக்ஷனுக்குப் பழகிய நாக்குக்கு முதலில் ஒன்றும் தெரியாது. தெளிவாக, லேசாக, தேநீருக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். சிக்கரி இல்லை, எண்ணெய் இல்லை, எங்கிருந்து கெட்டி வரும்? இதில் வழக்கம்போல முக்கால் டம்ளர் பாலை ஊற்றினால் காபி காணாமல் போய்விடும். ஆகவே பாலைக் குறைத்தேன். பாலைக் குறைத்ததும் சர்க்கரை திகட்டியது. சர்க்கரையைக் குறைத்தேன். இப்போது டம்ளரில் பாதிக்கு மேல் டிகாக்ஷன், மேலே கொஞ்சம் பால், அரை ஸ்பூன் சர்க்கரை. ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட்டிலிருந்து நீலத்துக்கு மாறினோம், கொழுப்பு 6 சதவீதத்திலிருந்து 3 சதவீதம். ஆரஞ்சுப் பாலில் டிகிரி காபி குடித்தவன் நீலப் பாலில் இறங்கி வருவான் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். பன்னிரண்டு ஸ்பூன் ஒரு ஸ்பூன் ஆனது என் மனக்கட்டுப்பாட்டால் இல்லை, பொடி மாறியதால். என்னைக் கேட்டால் இந்தக் கடை எனக்குச் செய்த உபகாரம் இதுதான். மற்றதெல்லாம் அப்புறம்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், காபி இதயத்துக்கு நல்லது என்று செய்தி வரும்போதெல்லாம் நம் ஆட்கள் தூக்குப்போசிக் காபியை நினைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறார்கள். மகன் எடுத்துக் கொடுத்ததை நான் உட்கார்ந்து படித்தேன். மாரடைப்பு வந்து பிழைத்தவர்களையே வைத்துச் செய்த ஆய்வுகள் இருக்கின்றன. ஸ்டாக்ஹோமில் 1992 முதல் 94 வரை முதல் மாரடைப்போடு வந்த 1,369 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், காபி குடித்தவர்களிடம் இறப்பு குறைவாக இருந்தது. நெதர்லாந்தில் 60 முதல் 80 வயதுக்குள் இருந்த 4,365 மாரடைப்பு நோயாளிகளை ஏறக்குறைய ஏழு வருடம் கவனித்தார்கள். தினம் இரண்டு முதல் நான்கு கப் வரை குடித்தவர்களில் இதய, ரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள், இரண்டு கப் வரை அல்லது குடிக்காமலே இருந்தவர்களைவிட ஏறத்தாழ 30 சதவீதம் குறைவு. கேட்கக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நாட்டுக் கோப்பையில் பெரும்பாலும் தாளில் வடித்த காபி. ஆறு டம்ளர், பன்னிரண்டு ஸ்பூன், கூடவே ஒரு தட்டுவடை செட் என்று சாப்பிட்ட என்னை மாதிரி ஆளைப் பற்றி அது எழுதப்படவில்லை.

அப்புறம் இன்னொரு சந்தேகமும் கணக்குப்பிள்ளைப் புத்திக்கு எழுந்தது. உடம்பு ரொம்ப முடியாதவன் தானாகவே காபியை விட்டுவிடுவான், நான் விடவில்லையா? அவனைக் 'குடிக்காதவர்' பத்தியில் எழுதிவிட்டு, குடிக்காதவர்கள் அதிகம் இறந்தார்கள் என்றால் பழி காபியின் மேலா நோயின் மேலா? இப்படி ஆட்களைச் சும்மா கவனித்து மட்டும் பார்க்கிற ஆய்வுகளில் அந்த ஓட்டை இருக்கத்தான் செய்யும், அவர்களும் அதை ஒத்துக்கொள்கிறார்கள். ஆகவே காபியை மருந்தாக நினைத்து நான் குடிக்கவில்லை. பயப்படாமல் குடிக்கிறேன், அவ்வளவுதான். இதுவரை குடிக்காத இதய நோயாளி இதைப் படித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம்.

ரத்த அழுத்தக்காரர்கள் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். ஜப்பானில் 18,000க்கும் மேற்பட்டவர்களைப் பல வருடம் கவனித்ததில், 160/100க்கு மேல் அழுத்தம் இருந்தவர்களில் தினம் இரண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து, குடிக்காதவர்களைப் போல இரண்டு மடங்கு என்று 2022இல் வந்தது. ஒரு கப்போடு நின்றவர்களிடம் அது தெரியவில்லை. என் அழுத்தம் இப்போது மாத்திரையில் 128, 130 என்று நிற்கிறது, அதனால் ரெண்டு டம்ளர். உங்களுடையது எகிறிக்கொண்டிருந்தால் பொடிக் கடை விமர்சனத்தைப் படிக்கிற நேரத்தில் டாக்டரைப் பாருங்கள். பி.பி. பார்ப்பதற்கு அரை மணி முன்னால் காபி குடிக்காதீர்கள், ஏற்றித்தான் காட்டும்.

பட்டறையில் கல் பதிக்கிற தம்பி ஒருவருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிற நோய், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். அவருக்கும் காபி கூடாது என்றுதான் வீட்டில் வைத்திருந்தார்கள். 2025 நவம்பரில் ஒரு சோதனை முடிவு வந்தது. மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சரிசெய்த 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் ஒரு கப்பாவது காபி, மறுபாதிக்குக் காபியே இல்லை என்று ஆறு மாதம் பார்த்திருக்கிறார்கள். குடித்தவர்களில் 47 சதவீதத்தினருக்குத் துடிப்புக் கோளாறு திரும்ப வந்தது, குடிக்காதவர்களில் 64 சதவீதம். இது சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி ஆளைப் பிரித்துச் செய்தது, முன்னே சொன்ன ஓட்டை இதில் இல்லை. 200 பேர்தான் என்றாலும் தம்பிக்குச் சந்தோஷம். டாக்டரிடம் கேட்டுவிட்டுக் காலையில் ஒன்று ஆரம்பித்திருக்கிறார், எங்கிருந்து பொடி என்று சொல்ல வேண்டியதில்லை.

என் முட்டாள்தனம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். ஜூலையில் இதயத்துக்கு ஒரு ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள், ஊசி மருந்து போட்டு ரத்த ஓட்டம் பார்ப்பது. 24 மணி நேரத்துக்குக் காபி, டீ, சாக்லேட், கோலா எதுவும் கூடாது என்று சீட்டில் தெளிவாக இருந்தது. காலை ஐந்தரை மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் கை தானாக வெந்நீர் வைத்து, தாளை நனைத்து, பாதி டம்ளர் உள்ளே போனபின்தான் மனைவி கத்தினாள். அங்கே போய் உண்மையைச் சொன்னேன், திருப்பி அனுப்பிவிட்டார்கள், அடுத்த தேதி பத்து நாள் கழித்து. அந்த ஊசி மருந்து ரத்தக்குழாயில் போய் உட்கார வேண்டிய இடத்தில் கஃபீன் முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுமாம், பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பது போல. மருந்து வேலை செய்யாது, ஸ்கேனும் பொய் சொல்லும். சொல்லாமல் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இனி கடையின் குறைகள். புகழ்ந்துகொண்டே போனால் பங்குதாரன் என்று நினைப்பீர்கள்.

முதல் குறை, மெஷின். எனக்கு முன்னால் நின்றவர் அறுபதுக்கு நாற்பது என்று சிக்கரி கலந்து அரைத்தார். அடுத்து என் கொட்டையை அப்படியே அதில் கொட்டினார்கள். உள்ளே தங்கியிருந்த சிக்கரித் தூள் என் பொடியோடுதான் வந்து விழுந்தது. வீட்டில் தண்ணீர் சோதனையில் நாலைந்து கோடுகள். மறுவாரம் கேட்டதற்கு, ஒரு கைப்பிடிக் கொட்டையை முதலில் ஓட்டித் தள்ளிவிட்டு அரைக்கிறேன் என்றார், செய்யவும் செய்கிறார், ஆனால் ஒவ்வொரு முறையும் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. கடைப் பையன் இருக்கிற நாளில் இரண்டு முறை.

இரண்டாவது, கவரில் வறுத்த தேதி கிடையாது. நான் என் பேனாவால் எழுதிக்கொள்கிறேன். பழுப்புக் கவர் வேறு, மஞ்சப்பைக்குள் பொடி கசிந்து வீட்டுச் சாவியெல்லாம் காபி வாசனை. டப்பா கொண்டுபோவது உத்தமம்.

மூன்றாவது விலை. 2025 ஆரம்பத்தில் உலகச் சந்தையிலேயே அராபிகா விலை அதுவரை இல்லாத உச்சத்துக்குப் போனது, அதை அவர் தலையில் போட முடியாது. அந்த வருடம் கால் கிலோ 270 கொடுத்தேன். ஆறு டம்ளர் இரண்டானதில் மாதக் கணக்குக் குறைந்துதான் இருக்கிறது என்பதால் எனக்கு வலிக்கவில்லை. பெரிய குடும்பத்துக்கு வலிக்கும். நல்ல குணம் என்னவென்றால் நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் அரைக்கிறார், "மொத்தமா வாங்கி வாசனையைக் காத்துக்குக் கொடுக்காதீங்கண்ணா" என்று அவரே தடுப்பார்.

நான்காவதுதான் நட்சத்திரம் போன இடம். ஒரு சனிக்கிழமை, என்னைப் போலவே ஸ்டென்ட் வைத்த ஒருவர் பொடி வாங்க வந்தார். அவரிடம் இவர் ரொம்ப நம்பிக்கையாக, "நம்ம பியூர் காபி ரத்தத்தை இளக்கிடும்ணா, போகப் போக மாத்திரையே தேவைப்படாது" என்கிறார். எனக்குப் பகீரென்றது. ஸ்டென்ட் வைத்தவன் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள்ளேயே கட்டி அடைத்துக்கொள்ளும், உயிரே போகலாம். மெஷின் சத்தத்தை மீறிக் கத்தித்தான் சொன்னேன். அவர் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை, "வியாபாரப் பேச்சுண்ணா" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொடி அரைப்பதில் அவர் பேச்சைக் கேளுங்கள், மாத்திரையில் கேட்காதீர்கள்.

கொட்டையைப் பற்றி அவரிடம் பேச்சுக் கொடுப்பது மட்டும் தனிச் சுகம். அவர் அப்பா காலத்தில், 1990களில் சந்தையைத் திறந்துவிடும் வரை, தோட்டக்காரர்கள் விளைச்சலை அரசாங்கத்தின் காபி போர்டிடம்தான் கொடுக்க வேண்டும், இவர்கள் ஏலத்தில் எடுப்பார்கள். இப்போது ஏற்காட்டில் சிறு தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேரிடம் நேராக வாங்குகிறார். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர் கொண்டுவந்து நட்ட செடியின் வம்சம் என்று ஆரம்பித்தால், பக்கத்தில் நிற்கிறவர் பில் போடச் சொல்லிக் கத்துகிற வரை ஓயாது. பீபரிக் கொட்டையைக் கையில் வைத்துக் காட்டுவார், பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதில் ஒன்றே உருண்டையாக விளைவது. ருசி அதிகம் என்று அவர் சத்தியம் செய்கிறார். நான் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துப் பார்த்தேன், என் நாக்குக்குப் பிளான்டேஷன் ஏ போதும், முப்பது ரூபாய் மிச்சம். வறுவலில் நடுத்தரம் சொல்லுங்கள். கறுக்க வறுத்தால் கசப்பை மறைக்க மறுபடி சர்க்கரை டப்பாவைத் தேடுவீர்கள்.

எல்.டி.எல். எவ்வளவு இறங்கியது என்று கேட்பீர்கள். 2025 ஜனவரியில் 78, கடைசியாகப் பார்த்தபோது 58. இடையில் டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார், நான் போண்டாவை விட்டேன், தினம் காலையில் அஸ்தம்பட்டி வரை நடக்கிறேன். இதில் தாளுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது, சொல்கிறவனை நம்பவும் மாட்டேன்.

வீட்டில் இன்னொரு மாற்றம். மனைவிக்குத் தைராய்டு மாத்திரை. காலையில் மாத்திரையைப் போட்ட கையோடு காபியும் குடித்துக்கொண்டிருந்தாள், அப்படிக் குடித்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. காபி போடுவது என் வேலையானபின், நான் எழுந்து வந்து வெந்நீர் கொதிக்க வைத்து, தாள் நனைத்து முடிப்பதற்குள் அவள் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிடுகிறது. தானாகவே பிரச்சினை தீர்ந்தது. அவள் மட்டும் இன்னும் தாளை ஒத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுக்காகப் பித்தளை ஃபில்டர் அலமாரியிலிருந்து இறங்கும், எண்பதுக்கு இருபது சிக்கரி, நுரை தளும்ப டபராவில் ஆற்றி. எனக்கும் ஒரு வாய் கிடைக்கும். ஒரு வாய்தான், அவள் டம்ளரைக் கையை விட்டு எடுக்க விட மாட்டாள்.

என் இரண்டாவது டம்ளர் பதினொரு மணிக்கு முடிந்துவிடும். காலையில் மட்டும் காபி குடிப்பவர்களையும் நாள் முழுக்கக் குடிப்பவர்களையும் பிரித்துப் பார்த்து அமெரிக்காவில் 40,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2025 ஜனவரியில் ஓர் ஆய்வு வந்தது. காலைக்காரர்களிடம்தான் இதய நோய் இறப்பு குறைவாம். எனக்கு அதைவிடத் தூக்கம் முக்கியம். நாலு மணிக்குத் தூக்குப்போசி இப்போதும் பட்டறைக்கு வருகிறது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

மதிப்பெண் ஐந்துக்கு நான்கு. பொடிக்கு ஐந்து, கவருக்கு இரண்டு, வைத்தியத்துக்குப் பூஜ்யம், எல்லாம் சேர்த்து நான்கு, கணக்கு உதைக்கிறது என்று தெரியும். பணம் ஜிபேயில் வாங்குகிறார்கள். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை கிடையாது. டப்பா எடுத்துக்கொண்டு போங்கள், முன்னால் நிற்கிறவர் சிக்கரி சேர்த்து அரைக்கிறாரா என்று எட்டிப் பாருங்கள். சேர்த்திருந்தால், "அண்ணா, ஒரு பிடி ஓட்டித் தள்ளிட்டு அரைங்க" என்று மெஷினுக்கு மேல் சத்தமாகச் சொல்லுங்கள். பையன் இருந்தால் இரண்டு முறை.